கீரையும் இருதயமும்

வெடியுப்பு பயிருக்குத் தழைச்சத்து அளிப்பது என்பதைக் குடியானவர்கள் அறிவர். அதிலுள்ள நைட்ரேட்டு என்னும் பொருளைப் பயிர்கள் மண்ணிலிருந்து உறிஞ்சி இலைகளில் சேர்த்து வைக்கின்றன. முளைக்கீரை, தண்டுக்கீரை முதலியவற்றில் இது மிகுதி. பயிருக்கு உணவான இப்பொருளே உண்போருடைய இருதயத்துக்கும் அனுகூலம் செய்யக்கூடும் என்பது ஆராய்ச்சிகளால் தெரிய வந்திருக்கிறது.

உண்ட நைட்ரேட்டு இரத்தத்தில் கலந்து, அதில் ஒரு பங்கு உமிழ்நீர் வழியாக மீண்டும் வாய்க்கு வருகிறது. நாவின்மீது வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது விழுங்கப்பட்டபின் உடலினுள் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவாகி, இரத்தக் குழாய்ச் சுவர்களின் தசையைத் தளர்த்துகிறது. குழாய்கள் விரிய, இரத்தக் கொதிப்பு ஓரளவு தணிகிறது. கிருமிநாசினி நீரால் அடிக்கடி வாய் கொப்பளிப்போர்க்கு இந்நன்மை குறையும். நுண்ணுயிர் யாவும் பகையல்ல என்பதைத் தொழுவுரம் இடுவோர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

டென்மார்க்கு தேசத்தில் 50,000-க்கு மேற்பட்டோரைச் சுமார் 23 ஆண்டுகள் கவனித்து 2021-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நைட்ரேட்டு மிக்க காய்கீரைகளை நன்கு உண்டவர்களிடையே இருதய, இரத்தக் குழாய் நோய்கள் 12 முதல் 26 சதவிகிதம் குறைந்து காணப்பட்டன. நாளொன்றுக்கு ஒரு கோப்பை பச்சைக் கீரையே இதற்குப் போதுமானதாயிருந்தது. அதற்கு மேல் உண்டதால் அதிகப் பலன் காணப்படவில்லை. கீரை உண்போர் பிற பழக்கங்களிலும் செம்மையுடையோராய் இருத்தல் கூடுமாதலின், இதனை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

ஆகவே, நைட்ரேட்டு பெருகுமென்று யூரியாவை வாரி இறைப்பது வீண் செலவு. அவ்வாறு கொழுத்த இலையைப் புழுவும் பூச்சியும் நாடும். பின் மருந்து தெளிக்க நேரிடும். இருபத்தைந்து நாளில் அறுக்கும் பயிரில் அந்நஞ்சு நீங்குதற்கு அவகாசம் ஏது?

சந்தைக்குக் கட்டுக்கட்டாய்க் கீரை அனுப்பும் தோட்டக்காரர் சிலருடைய வீட்டிலேயே அது அருகிச் சமைக்கப்படுகிறது. சமைக்கும் வீடுகளிலும் வேகவைத்த நீரைக் கொட்டிவிடுவதுண்டு; நைட்ரேட்டில் பெரும்பங்கு அந்நீரோடு போய்விடும். அந்நீரைக் குழம்பிலோ இரசத்திலோ சேர்த்தல் நலம். உப்பை மிகுதியாக இட்டால் ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பறித்ததாகும்.

இரத்தக் கொதிப்புக்கு மருந்து உண்போர் கீரையை நம்பி அதனை நிறுத்தலாகாது. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்போர் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையிலுள்ள கே வைட்டமின் அம்மருந்துக்கு மாறானது. சிறுநீரக நோயாளிகளும் வைத்தியரைக் கேட்டே உண்ணல் வேண்டும்.

வீட்டுத் தேவைக்குக் கிணற்றடியில் ஒரு சென்ட் நிலம் போதும். 10 கிராம் முளைக்கீரை விதையை மணலோடு கலந்து, பாத்திகளில் பத்து நாளைக்கு ஒன்றாகத் தூவி வந்தால், அறுவடை இடையறாது கிடைக்கும்.