கடல் காற்றில் ஒன்றுமே இல்லையா?

கரையை விட்டு ஆயிரம் மைல் போய்விட்டால் காற்றில் உப்பும் ஈரமும் தவிர வேறெதுவும் இருக்காது என்றுதான் பலரும் நம்புகிறோம். மரமில்லை, மண்ணில்லை, மனிதரில்லை. உயிர் எங்கிருந்து வரும்? ஆனால் இந்தக் கேள்விக்கான விடை 1832-லேயே ஒரு கப்பலின் பாய்மர உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஜனவரியில் பீகிள் கப்பல் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்டே தீவுகளை நெருங்கியது. கம்ப உச்சியில் காற்றின் திசை காட்டும் கருவியில் இருந்த மெல்லிய வலைத்துணி, மாவு சலிப்பதுபோல் காற்றைச் சலித்துப் பழுப்புப் பொடியைப் பிடித்து வைத்திருந்தது. கப்பலில் இருந்த இளைஞர் சார்லஸ் டார்வின் அதைப் பொட்டலம் கட்டினார். அந்தப் பக்கத்துக் கடலில் இன்னொரு கப்பல்மீது விழுந்த தூசியிலிருந்து மேலும் நான்கு பொட்டலங்கள் கிடைத்தன. ஐந்தையும் ஆராய்ந்த பெர்லின் அறிஞர் எரன்பெர்க் 67 வகை உயிர் வடிவங்களை அடையாளம் கண்டார். சிலிக்கா ஓடு கொண்ட நுண்ணுயிர்கள் அவற்றில் ஏராளம். இரண்டு இனங்கள் தவிர மற்றவை எல்லாம் நன்னீரில் வாழ்பவை. ஏரியிலும் குளத்திலும் இருக்க வேண்டியவை உப்புக்கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தன!

மகரந்தமும் பூஞ்சை வித்தும் அவ்வளவு தூரம் தாங்காது, வழியிலேயே விழுந்துவிடும் என்பார்கள். 1937-ல் ஸ்வீடன் ஆய்வாளர் குன்னார் எர்ட்மன், கோத்தன்பர்க்கிலிருந்து நியூயார்க் போன கப்பலில் வாக்குவம் கிளீனரை வைத்தே காற்றை உறிஞ்சிப் பார்த்தார். அட்லாண்டிக் நடுவிலும் மகரந்தம் சிக்கியது. 1978-ல் டொமினிகன் குடியரசின் கரும்பில் துரு என்ற பூஞ்சை நோய் தோன்றியபோது, அதன் வித்துகள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து காற்றிலேயே வந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். பயிர் நோய்க்குக் கடல் ஒரு வேலியே அல்ல.

இதையெல்லாம் ஒப்புக்கொள்பவர்களும் அடுத்த இடத்தில் தவறுகிறார்கள். கடல் மேலுள்ள உயிர்த்துகள் எல்லாமே நிலம் அனுப்பியவை என்று நினைக்கிறார்கள். உப்புநீரில் கிருமி பிழைக்காது என்ற பழைய எண்ணம்தான் இதற்கு அடி. உண்மையில் ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 10 லட்சம் பாக்டீரியா இருக்கின்றன; வைரஸ்கள் அதைப்போல் பத்து மடங்கு.

அவை காற்றுக்கு ஏறும் விதம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. அலை உடையும்போது காற்று நீருக்குள் சிக்கிக் குமிழியாகிறது. மேலே வரும் வழியில் குமிழி தன் தோலில் பாக்டீரியாவையும் நுண்பாசிகளின் கசிவையும் ஒட்டவைத்துக்கொள்கிறது. நீர்மட்டத்துக்கு வந்ததும் அதன் மெல்லிய மேல்தோல் கிழிந்து பொடிப்பொடித் துளிகளாகச் சிதறுகிறது. உடனே அடியிலிருந்த குழி மூடிக்கொள்ள, நடுவிலிருந்து ஒரு நீர்த்தாரை எகிறிச் சில துளிகளை ஏறத்தாழ ஒரு சாண் உயரத்துக்கு வீசுகிறது. அமெரிக்க ஆய்வாளர் டங்கன் பிளான்சர்டு 1970-ல் காட்டியதுபோல், அந்தத் துளிகளில் பாக்டீரியாவின் செறிவு அடியிலுள்ள நீரில் இருப்பதைவிடப் பல நூறு மடங்குகூட இருக்கும். அதன்பின் காற்று தூக்கிக்கொண்டு போகிறது. 2010-ல் புறப்பட்ட ஸ்பெயினின் மலாஸ்பினா உலகப் பயணம் வெப்பமண்டலக் கடல்களின் காற்றைச் சேகரித்தது. அதிலிருந்த நுண்ணுயிர்களில் 33 முதல் 68 சதவீதம் வரை கடலிலிருந்தே வந்தவை என்பது கணக்கு.

அப்படியானால் கடற்கரைக்குப் போகவே பயப்பட வேண்டுமா? வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை நமக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. விதிவிலக்கு உண்டு: 2005 கோடையில் இத்தாலியின் ஜெனோவா கரையில் ஒரு நச்சுப் பாசி பெருகி, அதன் நச்சு கலந்த காற்றைச் சுவாசித்த சுமார் 200 பேர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. பாசி பெருகியதாக எச்சரிக்கை வந்தால் விலகி நின்றால் போதும்.

சும்மா மிதந்து விழுபவை என்று இவற்றை ஒதுக்கவும் கூடாது. மேகத்தின் சுத்தமான நீர்த்துளி பூஜ்யத்துக்குக் கீழே 38 டிகிரி வரைகூட உறையாமல் இருக்கும். அதற்கு முன்பே உறைய ஒரு துகள் துணை வேண்டும். கடலின் மேல்தோலில் உள்ள நுண்பாசிக் கசிவு அந்த வேலையைச் செய்யும் என்று 2015-ல் தெரியவந்தது. அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலில் இது பெரிய விஷயம். அங்கே மேகத்தில் எவ்வளவு நீர் உறையாமல் நிற்கிறது என்பதைத் தவறாகப் போட்டதால், அந்தக் கடல் உறிஞ்சும் வெயிலைப் பல காலநிலைக் கணிப்புகள் கூடுதலாகக் காட்டியிருக்கின்றன.

சுத்தமான காற்று என்றால் உயிரற்ற காற்று என்பதுதான் இத்தனைக்கும் வேரான தவறு. 2018-ல் டாஸ்மேனியாவிலிருந்து அண்டார்டிகப் பனி விளிம்பு வரை போன இன்வெஸ்டிகேட்டர் கப்பல் தென்பெருங்கடல் காற்றைப் பிடித்தது. அதிலிருந்த பாக்டீரியாவின் மரபணுவைப் படித்தவர்கள், நிலத்தின் தடமோ மனித மாசின் தடமோ அங்கே மிகக் குறைவு என்று 2020-ல் அறிவித்தார்கள். உலகிலேயே மிகத் தூய்மையான காற்றுகளில் ஒன்று அது. அதிலும் பாக்டீரியா இருந்தன, கடலே கொடுத்தவை.