செவிக்கும் எட்டும் அடிக்குறிப்பு

ஆய்வுக் கட்டுரையில் பிறர் கருத்தை எடுத்தாளும்போது, அது யாருடையது என்று அடிக்குறிப்பில் சொல்வது எழுதுபவரின் கடமை. பார்வையற்ற மாணவியும் இதைப் பிறர் உதவியின்றித் தாமே செய்யலாம்.

அதற்குத் துணை, எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பான். என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. மைக்ரோசொப்ட் வேர்டில் அல்ட், கொன்ட்ரோல், எஃப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் அடிக்குறிப்பு உருவாகும். எஃப்புக்குப் பதிலாக டி அழுத்தினால் முடிவுக்குறிப்பு. குறிப்பைத் தட்டச்சு செய்தபின், ஷிஃப்டுடன் எஃப் 5 விசையை ஓரிரு முறை அழுத்தினால் விட்ட வரிக்கே திரும்பலாம். குறிப்பை நீக்குவதற்குக் கட்டுரையிலுள்ள எண்ணையே அழிக்க வேண்டும். ஏனைய எண்கள் தாமாகவே ஒழுங்காகும்.

பார்வையுள்ள மாணவியரே, ஒன்றை மறவாதீர்கள். எண்ணைக் கையால் தட்டி மேலே உயர்த்திவிட்டால், கண்ணுக்கு அது அடிக்குறிப்பாகத் தெரியும். கணினிக்கோ அது வெறும் எண். குறிப்போடு அதற்குத் தொடர்பில்லாததால், செவியால் வாசிப்பவர் குறிப்பைத் தேடித் திண்டாடுவார். முறைப்படி இட்ட குறிப்பே இருவருக்கும் பயன்படும். நம் கட்டுரையை நாளை யார் வாசிப்பார் என்பது நமக்குத் தெரியாதல்லவா?