கைமாற்றுப் பணத்தைத் திரும்ப வாங்க

எழுதி வாங்காமல் நண்பருக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான் என்று பலரும் கையைக் கழுவிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வாய்ப்பேச்சையும் ஒப்பந்தமாக ஏற்கிறது. புரோநோட் இல்லாதவருக்கும் உரிமை இருக்கிறது, இல்லாதது சாட்சியம். அதைப் பணம் கொடுத்த பிறகும் உண்டாக்கலாம். ஆனால் பேச்சுவார்த்தை இருக்கும்போதே உண்டாக்க வேண்டும். சண்டை மூண்டபின் வாங்கியவர் வாயே திறக்கமாட்டார்.

ஜீபேயில் அனுப்பியதற்குப் பதிவு இருக்கிறதே என்பீர்கள். பணம் கைமாறியதை அது காட்டும், கடன் என்று காட்டாது. "எனக்குத் தர வேண்டிய பழைய பாக்கியைத்தான் கொடுத்தான்" என்று அவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? அதனால் முதல் வேலை ஒரு வாட்ஸ்அப் செய்தி. "பணம் எப்போ தருவே?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "மச்சான், மார்ச் 12ஆம் தேதி கடனா வாங்கின 40,000ல இந்த மாசம் எவ்வளவு தோதுப்படும்?" என்று கேளுங்கள். தேதி, தொகை, கடன் மூன்றும் அதில் இருக்கின்றன. "பத்து தர்றேன்டா" என்று பதில் வந்தால் மொத்தத்தையும் ஒப்புக்கொண்ட மாதிரிதான். ரொக்கமாகக் கொடுத்தவருக்கு இது இன்னும் அவசியம். அன்று ஏடிஎம்மில் எடுத்த பதிவு, உடனிருந்தவரின் சாட்சி ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றினாலும் பழையதை விற்காதீர்கள். வட்டி பேசாத கைமாற்றுக்கு இப்போது வட்டி கேட்டால் அசலுக்கே பேச்சு முறியும்.

செய்தியோடு நின்றுவிடக் கூடாது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தவணைத் தேதி பேசாத கடனுக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்றே ஆண்டுகள்தான். கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைக்கும். வாட்ஸ்அப் பதிலைக் கையெழுத்துக்கு ஈடாக நம்பி இருந்துவிடாதீர்கள். வெள்ளைத்தாளில் நான்கு வரி போதும். கையெழுத்துக் கேட்டால் நட்பு கெடும் என்பது நியாயமான தயக்கம்தான். பாதித் தொகை வரும் நாளில், "இவ்வளவு வந்தது, இவ்வளவு பாக்கி, கணக்குக்காகப் போட்டுக்கொடு" என்று நீட்டினால் உறுத்தாது. மீதிக்குக் காசோலை தந்தால் இன்னும் நல்லது. கணக்கில் பணமில்லாமல் அது திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்; அது கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்ற வழக்கே தொடுக்கலாம்.

எதற்கும் மசியாதவருக்கு வக்கீல் நோட்டீஸ், பதிவுடன் கூடிய விரைவுத் தபாலில். போலீஸுக்கு ஓடுவது பெரும்பாலும் வீண். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்டினாலொழிய இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள். சின்னத் தொகைக்குக் கோர்ட்டா என்று மலைக்க வேண்டாம். வழக்குப் போடும் முன்பே வட்டச் சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம். கட்டணமில்லை, அங்கே ஏற்படும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. அவர் அதற்கு உடன்பட வேண்டும் என்பதுதான் குறை. உடன்படாவிட்டால் சிவில் வழக்கு: தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம், 40,000க்கு 1,200 ரூபாய். வக்கீல் கட்டணம் தனி.

இதில் எந்தப் படியில் நீங்கள் நின்றாலும், வங்கிக் கணக்கைத் திறந்து பணம் போன தேதியை இன்றே பார்த்துவிடுங்கள்.