நெய்வேலியிலிருந்து கச்சேரி மேடைக்கு: இளம் கர்நாடக இசைக் கலைஞர்களுக்கான முழுமையான வழிகாட்டி

நெய்வேலி சந்தானகோபாலன், நெய்வேலி நாராயணன், நெய்வேலி வெங்கடேஷ். கச்சேரி கேட்பவர்களுக்குப் பழகிய பெயர்கள் இவை. முதலாமவர் பாட்டு, மற்ற இருவரும் மிருதங்கம். 2020-ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருதைச் சென்னை மியூசிக் அகாடமி சந்தானகோபாலனுக்கு அளித்தது. அரியக்குடி, செம்மங்குடி, லால்குடி என்று ஊர்ப்பெயரைச் சுமந்த வித்வான்களின் வரிசையில், 1956-இல் பழுப்பு நிலக்கரியை நம்பிப் பிறந்த ஒரு நகரியமும் இடம் பிடித்துவிட்டது.

ஆனாலும் நகரியத்தில் நன்றாகப் பாடும், வாசிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிளஸ் டூவோடு நின்றுவிடுகிறார்கள். திறமை போதாமல் நிற்பவர்கள் குறைவு. அடுத்து என்ன செய்வது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பவர்களே அதிகம். கீர்த்தனைகள் வரை கற்றுவிட்டு, இசையையே தொழிலாகக் கொள்ளலாமா என்று யோசிக்கும் 15 முதல் 25 வயது வரையிலான பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் எழுதியது இது. இதன் அடிப்படை ஒன்றுதான்: பாடத்தை முதலில் வைத்துத் திட்டமிட்டால் மேடை பின்னால் வரும். மேடையை முதலில் வைத்தால் இருபத்தைந்து வயதுக்குள் சரக்கு தீர்ந்துவிடும்.

படி 1: கையில் இருப்பதை எண்ணிப் பாருங்கள்

மேற்பயிற்சிக்குப் போகும் முன் உங்கள் நிலை உங்களுக்குத் தெரிய வேண்டும். வாய்ப்பாட்டு, வயலின், வீணை கற்பவர்கள் இந்தப் பட்டியலை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

• ஆதி தாள வர்ணம் பத்து, அட தாள வர்ணம் மூன்று. இரண்டு காலங்களிலும் தாளம் பிசகாமல் வர வேண்டும்.
• தோடி, கல்யாணி, சங்கராபரணம், காம்போதி, பைரவி ஆகிய ஒவ்வொன்றிலும் கனமான ஒரு கீர்த்தனை.
• நோட்டைப் பார்க்காமல் ஐம்பது உருப்படிகள்.
• ஏதேனும் மூன்று ராகங்களில் ஐந்து நிமிட ஆலாபனை, ஒரு கீர்த்தனைக்காவது நிரவலும் கற்பனாஸ்வரமும்.

மிருதங்கம் கற்பவர்களுக்கு ஆதி, ரூபகம், மிஸ்ர சாபு, கண்ட சாபு ஆகிய தாளங்களில் தனி ஆவர்த்தனம் வாசிக்கத் தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், பாட்டைத் தெரிந்து வாசிப்பது. கீர்த்தனையின் எடுப்பும் சங்கதிகளும் மனத்தில் இல்லாதவருக்குச் சொற்கட்டு எவ்வளவு இருந்தாலும் பக்கவாத்தியம் கைகூடாது.

அரை மணி நேரம் நிறுத்தாமல் பாடி அல்லது வாசித்துக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து வாத்தியாரோடு உட்கார்ந்து கேளுங்கள். சுருதி எங்கே விலகுகிறது, எங்கே வேகம் கூடுகிறது என்று அப்போது தெரியும். பதினைந்து வயதில் பட்டியலில் பாதி வந்திருந்தாலே நல்ல தொடக்கம்.

படி 2: அடுத்த குருவை நிதானமாகத் தேடுங்கள்

நகரியத்து வாத்தியாரிடமிருந்து ஒரு மூத்த வித்வானிடம் போவது இயல்பான வளர்ச்சி. வாத்தியாருக்குத் தெரியாமல் மட்டும் போகாதீர்கள். "சார், மேற்கொண்டு யாரிடம் போகலாம்?" என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் அவரே கடிதமோ தொலைபேசி அழைப்போ தந்து உதவுவார்.

குருவைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கச்சேரியைக் கேட்பதோடு அவருடைய சீடர்களையும் கேளுங்கள். அவர்களுக்குப் பாடாந்தரம் சுத்தமாக இருக்கிறதா? ஒவ்வொருவருக்கும் சொந்தக் குரலும் சொந்தக் கற்பனையும் வந்திருக்கின்றனவா? மனோதர்மத்தை அவர் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறாரா? இவற்றுக்கு ஆம் என்று விடை கிடைத்தால், மேடையில் அவர் எவ்வளவு பிரபலம் என்பது இரண்டாம்பட்சம்.

நெய்வேலியிலிருந்து சென்னை சுமார் 200 கிலோமீட்டர். ஆர்ச் கேட்டில் பஸ் ஏறினால் போய்வர ஒரு முழு நாள் ஆகும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நேரில், நடுவில் இணையவழி என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். இணையத்தில் ஒலி தாமதமாக வருவதால் குருவோடு சேர்ந்து பாட முடியாது. கமகத்தின் நுட்பமும் மிருதங்கத்தின் நாதமும் முழுமையாக வந்து சேராது. ஆகவே பழைய பாடத்தை ஒப்பிக்க இணையம், புதிய பாடத்துக்கு நேர் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறையில் சில வாரங்கள் குருவின் ஊரிலேயே தங்க முடிந்தால் இன்னும் நல்லது. கட்டணத்தைப் பெற்றோர் முதல் சந்திப்பிலேயே மரியாதையாகக் கேட்டுவிடலாம்.

படி 3: சாதகத்துக்கு நேரம் ஒதுக்குங்கள்

தினமும் இரண்டரை மணி நேரம் பள்ளி மாணவருக்குச் சாத்தியமான அளவு. காலையில் நாற்பது நிமிடம் அகார சாதகமும் வர்ணமும். மாலையில் ஒரு மணி நேரம் பழைய உருப்படியும் புதிய பாடமும், அரை மணி நேரம் மனோதர்மம். மிச்சம் கேள்வி ஞானத்துக்கு. ஒரு மாதம் முழுக்க ஒரே ராகத்தை எடுத்துக்கொண்டு பல வித்வான்களின் ஆலாபனைகளைக் கேளுங்கள்.

நகரியத்தில் ஷிப்ட் வாழ்க்கையையும் கணக்கில் எடுக்க வேண்டும். அப்பா இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கும் வீட்டில் காலையில் மிருதங்கம் வாசிக்க முடியாது. ஷிப்ட் மாறும்போது சாதக நேரமும் மாறும்படி அட்டவணை போடுங்கள். கோயில் மண்டபத்திலோ பள்ளி அறையிலோ அனுமதி பெற்று வாசிக்கலாம்.

பையன்களுக்கு மகரக்கட்டு உடையும் காலத்தில் மேல் ஸ்தாயியை வற்புறுத்த வேண்டாம். சுருதியைக் குறைத்து, கீழ் ஸ்தாயியில் பாடி, தாளக் கணக்கிலும் சாகித்யத்திலும் கவனத்தைத் திருப்புங்கள். குரல் கரகரப்பு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். வாத்தியக்காரர்களுக்கு மணிக்கட்டிலும் தோளிலும் வலி வந்தால் ஓய்வு தேவை. வலியோடு வாசித்துப் பழகுவது சாதகம் ஆகாது.

படி 4: எந்த நிறுவனம் உங்களுக்குப் பொருந்தும்?

பட்டம் வித்வானாக்காது. ஆனால் ஆசிரியர் வேலைக்கும் ஆய்வுக்கும் அது அவசியம். நெய்வேலியிலிருந்து பார்த்தால் வழிகள் இவை.

கடலூர் மாவட்ட அரசு இசைப்பள்ளி: கலை பண்பாட்டுத் துறை நடத்தும் 17 பள்ளிகளில் ஒன்று. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றில் மூன்றாண்டுப் படிப்பு, குறைந்த கட்டணம். 12 முதல் 25 வயதுள்ளவர்கள் சேரலாம். நாதஸ்வரம், தவில், தேவாரம் கற்க விரும்புபவர்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் இதுதான்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சிதம்பரம்: 1929-இல் இசைக் கல்லூரியாகத் தொடங்கிய மரபு. சபேச ஐயர், டைகர் வரதாச்சாரியார், பொன்னையா பிள்ளை, தண்டபாணி தேசிகர் போன்றோர் பணியாற்றிய இடம். தமிழிசை இயக்கம் வேர் பிடித்ததும் இங்கேதான். வீட்டை விட்டு வெகுதூரம் போகாமல் பட்டம் பெற நினைப்பவர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் வேறில்லை.

அரசு இசைக் கல்லூரிகள்: சென்னை, திருவையாறு, மதுரை, கோவை ஆகிய ஊர்களில் உள்ளன. 2013-இல் உருவான தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை.

கலாக்ஷேத்ரா: 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கியது. வளாகத்திலேயே தங்கிக் கற்கும் ஒழுங்கு வேண்டுபவர்களுக்கு உகந்தது.

மியூசிக் அகாடமியின் மேல்நிலை இசைப்பள்ளி: ஓரளவு கச்சேரித் தரம் எட்டியவர்களைத் தேர்வு வைத்துச் சேர்க்கிறது. முன்னணி வித்வான்கள் மனோதர்மத்திலும் பல்லவியிலும் மூன்றாண்டு பயிற்சி தருகிறார்கள். கல்லூரிப் படிப்பு முடிந்த பிறகு யோசிக்க வேண்டிய வழி இது.

பொறியியலோ வணிகவியலோ படித்துக்கொண்டே குருவிடம் கற்பதும் மதிக்கத்தக்க வழிதான். கச்சேரி மேடையில் இன்று இருப்பவர்களில் பலர் அப்படி வந்தவர்கள். அந்த வழியைத் தேர்ந்தால் கல்லூரி குருவின் ஊரில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: உதவித்தொகைக்கு வயது வரம்பைத் தவறவிடாதீர்கள்

மத்திய அரசின் சி.சி.ஆர்.டி. நிறுவனம் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குக் கலைத்திறன் உதவித்தொகை வழங்குகிறது. ஒருமுறை தேர்வானால் முன்னேற்றத்தைப் பொறுத்துக் கல்லூரிக் காலம் வரை புதுப்பித்துக்கொள்ளலாம். 14 தாண்டிவிட்டால் அந்த வாசல் மூடிவிடும். அதனால் வீட்டில் பாடும் தம்பி தங்கை இருந்தால் இப்போதே விண்ணப்பியுங்கள்.

18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்குக் கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை இருக்கிறது. குருவிடம் மேற்பயிற்சி பெற இரண்டு ஆண்டுகளுக்கு மாதந்தோறும் தொகை வரும். விண்ணப்பத்தில் குருவின் சம்மதமும் பயிற்சி விவரமும் கேட்பார்கள். குறைந்தது ஐந்து ஆண்டுப் பயிற்சிக்கான சான்றுகளை இன்றிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

படி 6: வானொலித் தரம் பெறுங்கள்

அகில இந்திய வானொலியின் குரல் தேர்வு இன்றும் தொழில்முறைக் கலைஞருக்கான முதல் அடையாளம். பி, பி ஹை, ஏ, டாப் என்று தரங்கள் ஏறும். நம் பகுதிக்குப் புதுச்சேரி நிலையம் பக்கம். தெரிந்த ராகங்களின், பாடல்களின் பட்டியலை விண்ணப்பத்தோடு தர வேண்டும். தேர்வில் அதிலிருந்துதான் கேட்பார்கள். பட்டியலை நீட்டி எழுதி மாட்டிக்கொள்ள வேண்டாம். நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் பாடக்கூடியவற்றை மட்டும் எழுதுங்கள். 16 முதல் 24 வயதினருக்கு வானொலி நடத்தும் இசைப் போட்டியும் உண்டு.

படி 7: மேடையைப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

முதல் மேடை சென்னையில் அமைய வேண்டியதில்லை. வில்லுடையான்பட்டு முருகன் கோயில் பங்குனி உத்திரம், நகரியத்தின் நவராத்திரி விழாக்கள், புத்தகக் கண்காட்சியின் மாலை நிகழ்ச்சிகள், மார்கழி பஜனைகள் என்று ஊரிலேயே வாய்ப்புகள் இருக்கின்றன. அடுத்த கட்டமாக வடலூர், சிதம்பரம், கடலூர், புதுச்சேரி. தை மாதம் திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையில் முன்கூட்டிப் பதிவு செய்தால் இளைஞர்களுக்கும் சில நிமிடங்கள் கிடைக்கும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு செல்வத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பர் பிறந்த திருவாமூர் பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வள்ளலார் சத்திய ஞான சபை எழுப்பிய வடலூர் அடுத்த ஊர். சிதம்பரத்தைச் சுற்றி முத்துத்தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் கோபாலகிருஷ்ண பாரதியும் பாடியிருக்கிறார்கள். தேவாரம், திருவருட்பா, தமிழ்க் கீர்த்தனைகள் என்று இருபது உருப்படிகளை நல்ல பாடாந்தரத்தில் கற்றால், ஒரு மணி நேரத் தமிழிசைக் கச்சேரி உங்கள் கையில் தயாராக இருக்கும். சென்னை சபாக்களில் நூற்றுக்கணக்கானோர் ஒரே பாடல்களைப் பாடும்போது, உங்களைத் தனியாகக் காட்டுவது இதுதான்.

சபாக்களுக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு பக்கத் தன்விவரமும், வெட்டி ஒட்டாத இருபது நிமிட ஒளிப்பதிவும் போதும். டிசம்பர் சீசனுக்கு ஆண்டின் நடுவிலேயே அனுப்பிவிடுங்கள். வாய்ப்புத் தர யாராவது பணம் கேட்டால் மரியாதையாக விலகுங்கள். பக்கவாத்தியக்காரர்களுக்கு உரிய சம்மானத்தைக் கச்சேரி முடிந்த அன்றே கொடுத்துப் பழகுங்கள். இந்தத் துறையில் நல்ல பெயர் அங்கிருந்துதான் தொடங்கும்.

படி 8: வருமானத்துக்கு மூன்று வழிகளாவது வேண்டும்

கச்சேரிச் சம்மானத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துபவர்கள் மிகச் சிலர். மற்ற எல்லோரும் பல வழிகளைச் சேர்த்தே வாழ்கிறார்கள். அதில் குறைவு எதுவும் இல்லை.

• கற்பித்தல்: காலை 6 மணிக்கு இங்கே வகுப்பு எடுத்தால் அமெரிக்கக் கிழக்குக் கரையில் அது முந்தைய நாள் மாலை. வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் குவார்ட்டர்ஸில் இருந்தபடியே கற்பிக்கலாம்.
• பள்ளி வேலை: தமிழ்நாடு அரசின் இசைத் தொழில்நுட்பத் தேர்வுகளையும் ஆசிரியர் சான்றிதழையும் முடித்து வையுங்கள். கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளிலும் இசை ஆசிரியர் பணியிடங்கள் உண்டு.
• கல்லூரி வேலை: முதுகலைப் பட்டமும் யு.ஜி.சி. நெட் அல்லது மாநில செட் தேர்ச்சியும் பொதுவாகத் தேவை.
• கோயில் பணி: அறநிலையத் துறைக் கோயில்களில் ஓதுவார், நாதஸ்வரம், தவில் பணியிடங்கள்.
• நாட்டியக் கச்சேரிகளுக்குப் பாடுதல், வாசித்தல், ஒலிப்பதிவுக் கூடப் பணி.

பெற்றோர் யோசிக்க வேண்டியவை

நகரியத்தை நடத்தும் நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் பணியிலிருந்து ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பிள்ளையின் பயிற்சிக் காலத்தை இந்தத் தேதியோடு சேர்த்துப் பாருங்கள். ஓய்வுக்குப் பின் எந்த ஊரில் குடியேறுவது என்பதில் குரு இருக்கும் ஊரையும் ஒரு காரணமாக வையுங்கள். போட்டிப் பரிசுகளை வைத்து முடிவெடுக்காதீர்கள். யாரும் சொல்லாமலே பிள்ளை தினமும் சாதகத்துக்கு உட்காருகிறதா என்று பாருங்கள். 21 வயதில் குருவோடு உட்கார்ந்து வெளிப்படையாக ஒருமுறை பேசுங்கள். மேடை, கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றில் எது முதன்மை என்பது அப்போது தெளியும்.

இந்த ஆண்டே செய்ய வேண்டியவை

1. முதல் மாதம்: பட்டியல்படி சோதித்து, அரை மணி நேரப் பதிவு எடுங்கள்.
2. இரண்டாம் மாதம்: வாத்தியாரிடம் மேற்பயிற்சி பற்றிப் பேசுங்கள்.
3. மூன்றாம் மாதம்: இரண்டு குருமார்களையும் அவர்களுடைய சீடர்களையும் நேரில் கேளுங்கள்.
4. ஆறாம் மாதத்துக்குள்: வயது பொருந்தினால் ஒரு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள், கடலூர் இசைப்பள்ளிக்கும் சிதம்பரத்துக்கும் ஒருமுறை போய் விசாரியுங்கள்.
5. ஆண்டு முடிவதற்குள்: பத்துப் புதிய உருப்படிகள், ஒரு ராகத்தில் நிறைவான ஆலாபனை, நகரியத்துக்குள்ளேயே ஒரு மணி நேரக் கச்சேரி.

இந்த ஐந்தையும் முடித்தவர் அடுத்த ஆண்டு வானொலித் தேர்வுக்கு விண்ணப்பிக்கத் தகுதியானவர். முடிக்காதவர் இன்னும் ஓர் ஆண்டு எடுத்துக்கொள்ளலாம். பதினைந்து வயதில் தொடங்கும் ஒருவருக்கு இருபத்தைந்து வரை பத்து ஆண்டுகள் இருக்கின்றன. அவற்றைப் பாடத்துக்கே கொடுங்கள்.