மாத்தளையோடு நின்ற ரயில்

கேள்வி: கண்டி ரயில் மாத்தளையைத் தாண்டாதது ஏன்? கண்டி நகருக்குச் சுரங்க ரயில் வருமா?
– வாசகர், கட்டுகஸ்தோட்டை

பதில்: மலையகத்தில் ரயில் பாதையைத் தீர்மானித்தது பயணி அல்ல, கோப்பி மூட்டை. 1867இல் கண்டிக்கும் 1880இல் மாத்தளைக்கும் ரயில் வந்தது தோட்டங்களுக்காகத்தான். பிறகு இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை தழைத்த நானுஓயா, அப்புத்தளைப் பக்கம் பாதை நீண்டு, 1924இல் பதுளையைத் தொட்டது. வடக்குப் பாதையோ பொல்காவலையில் பிரிந்து குருநாகல் வழியே 1905இல் யாழ்ப்பாணத்தை இணைத்தது. அந்த வழி சமதரை. மாத்தளை வழி மலையேற்றம். மாத்தளை கடைசி நிலையமாகவே தங்கிவிட்டது. பெரும் இழப்பு அது.

சுரங்க ரயிலா? கொழும்பிலேயே மாலபேயிலிருந்து கோட்டைக்கு ஜப்பானியக் கடனில் வரவிருந்த இலகு ரயிலை, செலவைக் காரணம் காட்டி 2020இல் அரசு கைவிட்டது. கண்டி சுரங்க ரயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். பேராதனையிலிருந்து கண்டி, மகியாவைச் சுரங்கம், மகாவலிப் பாலம் எனத் தண்டவாளம் உங்கள் ஊர்வரை கிடக்கிறது. காலையும் மாலையும் அதில் அடிக்கடி ரயில் விட்டால் பாடசாலைப் பிள்ளைகள் பஸ் நெரிசலில் நசுங்க மாட்டார்கள். உங்கள் மாகாண சபையையும் ரயில்வே திணைக்களத்தையும் எழுதிக் கேளுங்கள்.