முகம் தெரியாத கேள்வி

எர்ணாகுளம் பிராட்வேயில் பாத்திரக்கடை வைத்துப் பிழைக்கும் எனக்கு, பழைய கொச்சி சமஸ்தானத்தின் அஞ்சல் தலைகளைச் சேகரிப்பதில் நெடுநாளாக ஒரு பற்று உண்டு. 1892ஆம் ஆண்டில், ‘புத்தன்’ என்ற உள்நாட்டு நாணயக் கணக்கில் விலை குறிக்கப்பட்டு வெளிவரத் தொடங்கிய அந்தத் தலைகளை, முன்பெல்லாம் படகேறி மட்டாஞ்சேரிக்குப் போய், யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து விலை பேசி வாங்குவேன். இப்பொழுதோ நல்லவை பெரும்பாலும் இணைய ஏலங்களுக்கே போய்விடுகின்றன. அங்கே பல ஆண்டுகள் வாங்கிப் பழகியதில் எனக்கு ஏற்பட்டிருக்கும் அபிப்பிராயம், இந்த ஏலத் தளங்களுக்குச் சட்டத்தின் கட்டுப்பாடு அவசியம் என்பதும், அது பொருளை விற்பவனை மட்டுமின்றி ஏலம் கேட்பவனையும் பற்றியதாக இருக்க வேண்டும் என்பதும்தான்.

கூடத்தில் நடக்கும் ஏலத்தில், ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்று கூவுகிறபோது விலையை ஏற்றுகிறவனின் முகம் எல்லோருக்கும் தெரியும். பொருளுக்கு உடையவனின் மைத்துனனே நின்று கேட்டால் பத்துப் பேர் அதைக் கண்டுகொள்வார்கள். திரையில் தெரிவதோ பாதி மறைத்த ஒரு பெயர். ஒரே விற்பனையாளரின் தலைகளுக்கு மட்டும் வந்து, விலையைப் படிப்படியாக ஏற்றி, கடைசிக் கணத்தில் விலகிக்கொண்டு, அடுத்த ஏலத்தில் மறுபடியும் முளைக்கிற பெயர்களை நான் கண்டிருக்கிறேன். ஆகையால், ஏலம் கேட்கும் முன்பு அந்த விற்பனையாளரின் முடிந்துபோன ஏலங்களைத் திறந்து, யார் யார் கேட்டுத் தோற்றார்கள் என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். தோற்றவர் பெயர் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருந்தால் அந்தப் பக்கமே போவதில்லை. தோற்ற மறுநாளே, ‘எடுத்தவர் பின்வாங்கிவிட்டார், உங்கள் கடைசி விலைக்கே தருகிறோம்’ என்று செய்தி வந்தால், பெரும்பாலும் அந்த ‘எடுத்தவர்’ விற்றவரின் ஆளாகவே இருப்பார் என்று கொள்வது நலம். இத்தகைய ஒரு சம்பவத்தை ஒரு தளத்துக்கு எழுதிக் கேட்டபோது, ஏலம் கேட்டவரின் அடையாளத்தை வெளியிட இயலாது என்ற பதில் மட்டுமே எனக்குக் கிடைத்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 64ஆம் பிரிவு, தானும் ஏலம் கேட்கும் உரிமை உண்டென்று முன்கூட்டியே அறிவிக்காத விற்பனையாளர் தாமே கேட்பதையோ, ஆள் வைத்துக் கேட்பதையோ தடுக்கிறது; பொய்க் கேள்வியால் விலை ஏற்றப்பட்டிருந்தால் வாங்கியவர் அந்த விற்பனையையே ரத்து செய்துகொள்ளலாம் என்றும் சொல்கிறது. இங்கிலாந்தில், தன் பொருளுக்குத் தானே வேறு பெயரில் இணையத்தில் கேட்ட ஒருவருக்கு 2010இல் பிராட்ஃபோர்டு நீதிமன்றம் 5,000 பவுண்டு அபராதம் விதித்தது. ஆனால், பொய்க் கேள்வி என்று நிரூபிக்க வேண்டுமானால் கேட்டவன் யாரென்று தெரிய வேண்டுமே! நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும், வாங்கியவர் எழுத்தில் கேட்டால் விற்றவரின் விலாசத்தைத் தர வேண்டும் என்றும் தளங்களை நிர்ப்பந்திக்கின்றன. அவற்றில் எதிரே நின்று விலையை ஏற்றியவனைப் பற்றிப் பேச்சே இல்லை.

கட்டுப்பாடு வந்தால் வியாபாரம் கெடும் என்பவர்கள் ஏலக்காயைப் பார்க்க வேண்டும். போடிநாயக்கனூரிலும் இடுக்கியின் புற்றடியிலும் ஏலக்காய் இன்று கணினி வழியேதான் ஏலம் போகிறது. ஏலம் நடத்துபவரும் எடுக்கும் வியாபாரியும் இதே எர்ணாகுளத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நறுமணப் பொருள் வாரியத்தின் உரிமம் பெற்றவர்கள். வந்த அளவு, விற்ற அளவு, உச்ச விலை, சராசரி விலை எல்லாம் அன்றன்று பிரசுரமாகின்றன. குறை சொல்வோர் அங்கும் உண்டு. எனினும், கேட்டவர் யாரென்பது அங்கே ஒருபோதும் மர்மமாக இருப்பதில்லை.

வீட்டிலிருக்கும் பழைய பித்தளைக் குத்துவிளக்கை விற்க வரும் மூதாட்டியிடம் உரிமம் கேட்பது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடமை தளத்தின்மீதே விழ வேண்டும்: கேட்பவர் ஒவ்வொருவரின் அடையாளத்தையும் சரிபார்த்து வைத்திருக்கவும், விற்பவரும் கேட்பவரும் ஒரே வங்கிக் கணக்கையோ தொலைபேசியையோ பயன்படுத்தினால் அந்த ஏலத்தை நிறுத்தவும், நுகர்வோர் ஆணையம் கேட்கும்போது விவரத்தை ஒப்படைக்கவும் அது கட்டுப்பட்டாக வேண்டும்.

அதுவரை, வாங்குபவர்கள் சில விஷயங்களில் ஜாக்கிரதையாக இருப்பது பிரயோஜனப்படும். உச்ச விலையை ஏலம் தொடங்கும் முன்பே தாளில் எழுதிவைத்து, அதற்கு மேல் ஒரு ரூபாயும் ஏறாதீர்கள். தலையின் பின்புறத்தையும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் நீர்க்குறியையும் படம் எடுத்து அனுப்பும்படி கேளுங்கள். விலை திருத்தி மேலச்சு இட்ட தலைகளில் போலி செய்வது எளிது என்பதால், படம் தர மறுக்கிற விற்பனையாளரை விட்டுவிடலாம். தளத்துக்கு வெளியே நேரே பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். வழக்கென்று வந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே தொடுக்கலாம். ஆனால், மறுவிற்பனைக்காக வாங்கியவர் நுகர்வோராக மாட்டார் என்பதால், வாங்கியது சேகரிப்புக்காகவே என்று காட்டும் கடிதப் போக்குவரத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.