மாந்தரின் முன்கதையும் தொலைக்காட்சித் தழுவலும்

சென்ற கல்வியாண்டில் இளங்கலை வகுப்பொன்றில் நன்னூற் பாயிரம் நடத்திக்கொண்டிருந்தோம். முதனூல், வழிநூல், சார்புநூல் என்னும் மூவகையை விளக்கி, முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துநின்று, பின்னோன் தான் வேண்டிய வேறுபாடுகளையும் சேர்த்துக் கூறுவதே வழிநூல் என்று சொல்லி முடித்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். “ஐயா, அமெரிக்கப் படக்கதையில் வரும் கமலா கானுக்கு உடலை நீட்டவும் உருமாறவும் ஆற்றல் உண்டு. தொலைக்காட்சித் தொடரில் அதை எடுத்துவிட்டுக் கொள்ளுப்பாட்டியின் வளையலைக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தொடரையும் வழிநூல் என்று கொள்ளலாமா?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நமக்கோ உடனே விடை கூற வரவில்லை. அதன்பின் படக்கதைகள் சிலவற்றைப் படித்தும் தொடர்கள் சிலவற்றைப் பார்த்தும் கண்டவற்றை ஈண்டு எடுத்துரைக்க முற்படுகிறோம்.

படக்கதை சிறுவர்க்குரியது, ஆய்வுக்குரியதன்று என்பார் நம்மிடையே உளர். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகச் சிவகாசியிலிருந்து வந்த ‘இரும்புக்கை மாயாவி’யைப் பாடநூலுக்குள் ஒளித்துவைத்துப் படித்த பெரியவர்களும் இம்மலரைப் புரட்டுவர் என்ற துணிவில் மேலே செல்கிறோம். அம்மாயாவியை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன், பின்னொரு விபத்தில் மின்சாரம் பாய்ந்து, அக்கை ஒன்று மட்டும் தெரிய உடல் முழுதும் மறையும் தன்மையைப் பெறுகிறான். இஃது ஆற்றல் வந்த கதை. ஆற்றலைப் பெற்றவன் முதலில் தீய வழியிற் சென்று, பின்னரே நல்வழிக்குத் திரும்புகிறான். இது மனம் திரும்பிய கதை. ஒரு மாந்தரின் முன்கதை என்று நாம் ஒரே சொல்லாற் குறிப்பது உண்மையில் இவ்விரண்டும் சேர்ந்ததாகும். முன்னதில் மின்சாரத்திற்குப் பதிலாக வேறெதனை வைத்தாலும் கதை பெரிதும் மாறாது. பின்னதைத் தொட்டால் ஆளே மாறிவிடுவான். தொலைக்காட்சிக்குத் தழுவுவோர் எதனைத் தொடலாம், எதனைத் தொடலாகாது என்ற வழக்கு இவ்விடத்திலேதான் தொடங்குகிறது.

பனிமனிதனுக்கு வாய்த்த நெஞ்சம்

1959-ஆம் ஆண்டு ‘பேட்மேன்’ 121-ஆம் இதழில் மிஸ்டர் ஜீரோ என்றொரு கள்வன் தோன்றினான். உறையவைக்கும் துப்பாக்கியைப் பற்றி ஆராய்ந்தபோது நேர்ந்த விபத்தால் அவன் குளிரிலன்றி உயிர்வாழ இயலாதவனானான், வைரங்களைக் கொள்ளையடித்தான். அவ்வளவே அவன் வரலாறு. ஆற்றல் வந்த கதை உண்டு. மனத்தின் கதை அறவே இல்லை. 1966-இல் தொடங்கிய பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் அவனுக்கு மிஸ்டர் ஃப்ரீஸ் என்று பெயரிட, படக்கதையும் பின்னர் அப்பெயரையே ஏற்றுக்கொண்டது. பெயர் மாறியதேயன்றி ஆள் மாறவில்லை.

1992 செப்டம்பரில் ஒளிபரப்பான பேட்மேன் கார்ட்டூன் தொடரின் ஒரு பகுதி, ‘பனிக்கட்டி நெஞ்சம்’ என்று தமிழிற் சொல்லத்தக்க தலைப்புடையது. எழுதியவர் பால் டினி. இயக்கியவர் புரூஸ் டிம். இவர்கள் அக்கள்வனுக்கு விக்டர் ஃப்ரைஸ் என்னும் பெயரையும் நோரா என்னும் மனைவியையும் அளித்தனர். தீரா நோயுற்ற நோராவைக் குளிர்ப்பேழையில் உறையவைத்து, மருந்து காணும்வரை காக்க முயல்கிறான் ஃப்ரைஸ். அவன் பணிபுரியும் நிறுவனத்தின் தலைவன் பாயில், செலவு மிகுகிறதென்று ஆய்வை நிறுத்துகிறான். கைகலப்பில் ஃப்ரைஸை வேதிப்பொருள்களின் நடுவே உதைத்துத் தள்ளுகிறான். உயிர் தப்பியவன் மனைவியையும் வெப்பத்தையும் ஒருங்கே இழந்தவனாகிறான். மனைவியைக் கொன்ற அத்தலைவனுக்கே மனிதநேயர் என்னும் விருது வழங்கப்பெறும் நாளில் பழிவாங்க வருகிறான். பேட்மேன் அவனைத் தடுக்கிறார்; ஆனால் நடந்ததைக் காட்டும் ஒளிநாடாவைச் செய்தியாளர் கையில் ஒப்படைத்து, பாயிலின் முகத்திரையையும் கிழித்துவிட்டே போகிறார்.

இருபத்திரண்டு நிமிடங்களுக்குள் இத்தனையும் அடங்கியிருப்பது வியப்பன்று. சிறுகதையும் அதைச் செய்யும். நாம் வியந்தது முன்கதையை வைத்த இடத்தை. தொடக்கத்தில் நாம் காண்பது, நடனமாடும் பெண்ணுருவம் உள்ளே சுழலும் ஒரு கண்ணாடி உருண்டையையும் அதனோடு பேசும் ஒரு கொடியவனையும் மட்டுமே. அவன் கொடுமை செய்கிறான். நாமும் அவனை வெறுக்கிறோம். வெறுத்து முடித்த பின்னரே, பேட்மேன் அந்த ஒளிநாடாவைப் பார்க்கும்போது, நமக்கும் உண்மை தெரியவருகிறது. நாம் வழங்கிய தீர்ப்பை நாமே மீண்டும் எண்ணிப்பார்க்க வேண்டியதாகிறது.

தமிழ் படிப்போர்க்கு இவ்வுத்தி புதிதன்று. கோவலன் ஏன் கொலையுண்டான் என்பதற்கான முற்பிறப்புக் கதையை இளங்கோவடிகள் புகார்க் காண்டத்திலேயே சொல்லியிருக்கலாம். சொன்னாரில்லை. மதுரை எரிந்த பிறகு, கட்டுரை காதையில், மதுராபதித் தெய்வத்தின் வாயால், சங்கமன் என்னும் வணிகன் முன்னொரு பிறப்பில் ஒற்றன் என்று பழிசுமத்தப்பட்டுக் கொல்லப்பட்டதையும், அவன் மனைவி நீலியின் சாபத்தையும் கூறுகின்றார். அதனைக் கேட்டபின் பாண்டியன் செய்தது சரியென்று நாம் சொல்வதில்லை. கண்ணகியின் சினம் பிழையென்றும் சொல்வதில்லை. காரணம் தெரிகிறது, குற்றம் குற்றமாகவே நிற்கிறது. ஃப்ரீஸின் கதையும் அவ்வாறே முடிகிறது. சிறைக்குள் பனிபடர்ந்த அறையில், அக்கண்ணாடி உருண்டையை ஏந்தி, மனைவியிடம் மன்னிப்புக் கேட்டு அவன் கலங்குகிறான். சிறைக்கதவோ திறக்கப்படவில்லை.

இப்பகுதியின் எழுத்துக்கு எம்மி விருது கிட்டியது. அதனினும் பெரிய விருது, படக்கதை நோராவைத் தனதாக்கிக்கொண்டமை. எனினும் முன்கதை நல்லதாயிருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் இதே மாந்தன் சான்றாகிறான். 1997-இல் வெளிவந்த ‘பேட்மேன் அண்ட் ராபின்’ திரைப்படத்தில் அர்னால்டு சுவார்சநேகர் ஃப்ரீஸாக நடித்தார். நோரா அங்கும் உண்டு, குளிர்ப்பேழையும் உண்டு. ஆனால் அவன் வாயைத் திறந்தபோதெல்லாம் குளிரையும் பனியையும் வைத்துச் சிலேடை பேசினான். துயரமுடையவன் தன் துயரத்தையே விகடமாக்கிக்கொண்டிருந்தால் பார்ப்பவர் நெஞ்சில் அது எவ்வாறு தைக்கும்? முன்கதையை ஒட்டுத்துணிபோல் தைத்துவிட்டு, பேச்சையும் நடையையும் பழையபடியே விட்டதால் வந்த குறை இது.

சொல்லாமல் விட்ட முகாம்

‘எக்ஸ்-மென்’ படக்கதையின் மாக்னெட்டோ 1963-இல் முதல் இதழிலேயே தோன்றியவன். உலகை ஆள விழையும் வழக்கமான தீயோன். 1981-இல் 150-ஆம் இதழில்தான் கிறிஸ் கிளேர்மான்ட் அவனை ஆஷ்விட்சு முகாமில் வளர்ந்தவனாகக் காட்டினார். அதன்பின் அவன் அச்சமும் சினமும் வேறு பொருள் பெற்றன. 1992-இல் தொடங்கிய சிறுவர்க்கான கார்ட்டூன் தொடரோ முகாமின் பெயரைச் சொல்லவில்லை. போரில் அழிந்த தன் மக்களைப் பற்றி அவன் குறிப்பாகப் பேசுவதோடு நின்றது. தொல்காப்பியர் மரபியலில் வழிநூலின் வகைகளாகத் தொகுத்தலையும் விரித்தலையும் கூறுவர். ஃப்ரீஸின் கதை விரித்தல் என்றால் இது தொகுத்தல். சிறுவர்க்கென்று சுருக்கியதை நாம் குறைகூறவில்லை. சுருக்கியபோதும் காயத்தின் தழும்பை விட்டுவைத்தார்கள். 2000-இல் வந்த திரைப்படம் அம்முகாமின் வாயிலிலேயே தொடங்கியது என்பதையும் இங்குச் சேர்த்து எண்ணலாம்.

கமலாவும் வளையலும்

இனி மாணவியின் வினாவுக்கு வருவோம். நம் சமுதாயத்துக்கு இதில் தனித்த அக்கறை உண்டு என்பதை மறைப்பானேன்? திரையில் முஸ்லிம் ஒருவர் வரும்போதெல்லாம் அவருக்கு ஆயுதம் இருக்கிறது, ஆத்திரம் இருக்கிறது. அம்மா இருப்பதில்லை, அடுக்களை இருப்பதில்லை, சிறுவயது இருப்பதில்லை. முன்கதை இல்லாதவனை வெறுப்பது எளிது. மிஸ்டர் ஜீரோவைப் போல.

அந்நிலையில்தான் 2014 பிப்ரவரியில் மார்வெல் நிறுவனம் ‘மிஸ் மார்வெல்’ என்னும் தலைப்பில் கமலா கானுக்குத் தனி இதழ் தொடங்கியது. சனா அமானத் என்னும் பதிப்பாசிரியர் தம் இளமை அனுபவங்களைச் சொல்லப்போய் உருவான மாந்தர் இவர். எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், வரைந்தவர் ஏட்ரியன் அல்போனா. நியூஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பள்ளிச் சிறுமி கமலா. வீட்டாருக்குத் தெரியாமல் விருந்தொன்றுக்குச் சென்று திரும்பும் இரவில் விந்தையான மூடுபனி சூழ்ந்து அவருக்கு ஆற்றல் பிறக்கிறது. தான் போற்றும் வீராங்கனை கரோல் டான்வர்சைப் போல் ஆகவேண்டும் என்று விரும்புகிறார். பொன்னிறக் கூந்தலோடு அவ்வுருவாகவே மாறிவிடுகிறார். நீரில் மூழ்கும் பள்ளித்தோழியைக் காப்பாற்றும் வேளையில், தந்தை அடிக்கடி எடுத்துரைக்கும், ஓருயிர் காத்தலின் பெருமை பேசும் திருமறை வசனம் (5:32) அவர் நினைவுக்கு வருகிறது. ஆனால் கடன்வாங்கிய அவ்வுருவம் அவருக்கு இசையவில்லை. தன் முகத்தோடே நற்செயல் செய்யலாம் என்று தெளிவதற்கு மேலும் சில இதழ்கள் ஆகின்றன.

உருமாறும் ஆற்றல் இங்கே வெறும் வித்தையன்று. கண்ணாடி முன் நின்று தன் நிறத்தையும் பெயரையும் நொந்துகொண்ட எந்தச் சிறுமிக்கும் தெரிந்த ஆசையின் உருவம் அது. ஆற்றல் வந்த கதையும் மனத்தின் கதையும் கமலாவிடத்தில் ஒன்றாய்ப் பிணைந்து கிடக்கின்றன. மாயாவியிடத்தில் பிரித்ததுபோல் இங்குப் பிரிக்க இயலாது.

2022 ஜூனில் டிஸ்னி பிளஸ் தளத்தில் ஆறு பகுதிகளாக வந்த தொடர் இப்பிணைப்பை அறுத்தது. தலைமை எழுத்தாளர் பிஷா கே. அலி. இதில் கராச்சியிலுள்ள பாட்டி அனுப்பிய பழைய வளையலை அணிந்ததும் கமலாவின் கைகளிலிருந்து ஒளி திரண்டெழுகிறது. அவ்வளையல் கொள்ளுப்பாட்டி ஆயிஷாவுடையது. ஆயிஷாவோ வேற்றுலகிலிருந்து வந்தவர். அக்கூட்டத்தாரை மக்கள் ஜின்கள் என்றழைத்தனராம். திருமறையில் இடம்பெறும் ஒன்றை இவ்வாறு கற்பனைக் கூட்டத்தின் பட்டப்பெயராக்கியது நமக்கு உவப்பாயில்லை. அது நிற்க.

தொடர் எடுத்துக்கொண்டதற்கு ஈடாகக் கொடுத்ததும் உண்டு. 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையைப் படக்கதை 2016-இல் சில பக்கங்களில் தொட்டிருந்தது. தொடரின் ஐந்தாம் பகுதி அதனையே நடுப்பொருளாக்கியது. இயக்கியவர், ஆவணப்படங்களுக்காக இருமுறை ஆஸ்கர் பெற்ற ஷர்மீன் ஒபைத் சினாய். கடைசி இரயிலைப் பிடிக்க நெருக்கியடிக்கும் கூட்டத்தில் சனா என்னும் குழந்தை தந்தையின் கையைத் தவறவிடுகிறது. விண்மீன்களின் தடம்பற்றிச் சென்று அக்குழந்தை தந்தையை அடைந்ததாகக் குடும்பத்தில் வழங்கிவந்த கதையை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். அந்த விண்மீன் ஒளியை எழுப்பியவர் காலம் கடந்து அங்கு வந்துசேர்ந்த கமலாவே என்பது இப்போது தெரிகிறது. தன் பாட்டியைக் கைபிடித்து இரயிலேற்றியவர் பேத்தி! இலட்சக்கணக்கானோர் உயிரிழந்த ஒரு பேரழிவை உலகெங்கும் உள்ள சிறுவர்கள் ஒரு குடும்பத்தின் கண்வழியே காண்பதற்கு இத்தொடர் வாயிலாயிற்று. இரயில் நிலையக் காட்சியை நாம் இருமுறை பார்த்தோம். இரண்டாம் முறையும் கண் கலங்கிற்று.

ஆயின், இது வழிநூலா? நிலத்தையும் பொருளையும் மாற்றுவது பிழையன்று. அரபு நாட்டைப் பாடவந்த உமறுப்புலவர் சீறாப்புராணத்து நாட்டுப்படலத்தில் தமிழ் நிலத்தின் வளத்தையே அமைத்துக் காட்டினார். நிலத்தை மாற்றியவர் வரலாற்றின் முடிபை மாற்றவில்லை. ஒப்பிடுவது நூலமைப்பை மட்டுமே என்பதைப் பெரியோர் உணர்வர். கமலாவின் கதையில் முடிபு என்பது, பிறராக வேண்டுமென்ற ஆசையிலிருந்து தானாக நிற்கும் துணிவுக்கு வந்துசேர்தல். தொடர் அம்முடிபுக்கு வேறு வழியில் வருகிறது. யாராக விரும்புகிறேன் என்ற வினாவை, யாரிடமிருந்து வந்தேன் என்று மாற்றிக் கேட்கிறது. விடையிற் பழுதில்லை. ஆனால் முதல் வினாவுக்கு விடை நம் செயலில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை குலத்தில் இருக்கிறது. படக்கதையிலும் ஆற்றல் மரபணுவில் உறங்கிக் கிடந்ததே என்று வாதிடலாம். அங்கே கதை அதனைப் பெரிதுபடுத்தவில்லை. பிறப்பாலன்றி நற்செயலால் மேன்மை என்று கற்று வளர்ந்த நமக்கு, விலையுயர்ந்த முன்னோர் இல்லாத ஒரு சிறுமியும் கமலாவாகலாம் என்ற பழைய கதையே நெருக்கமாயிருக்கிறது. ஆகவே வழிநூல்தான், பிரிவினைப் பகுதியில் சிறந்த வழிநூல், வளையலில் சற்றே வழி தவறிய வழிநூல்.

இவ்விடையை அம்மாணவியிடம் கூறினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாம் அறியாத செய்தி ஒன்றைச் சொன்னார். தொடரின் இறுதிப் பகுதி கமலாவின் மரபணுவில் ஒரு திரிபு உண்டென்று குறிப்புக் காட்டியிருந்தது. அதனைத் தொடர்ந்து 2023-இல் படக்கதையிலும் கமலா எக்ஸ்-மென் கூட்டத்தைச் சேர்ந்தவராக மாற்றப்பட்டார். அவ்விதழ்களைச் சபீர் பிர்சாதாவோடு சேர்ந்து எழுதியவர், தொடரில் கமலாவாக நடித்த இமான் வெல்லானியே. பிர்சாதாவும் அத்தொடரின் எழுத்தாளர்களுள் ஒருவர்.

“அப்படியானால், ஐயா, இப்போது எது முதனூல்?” என்றார். மணி அடித்துவிட்டது. நன்னூலை மூடிவைத்துவிட்டு, அடுத்த வகுப்புக்கு அவரையே அதுபற்றிப் பேசச் சொல்லியிருக்கிறோம்.